வெள்ளை மாத்திரைக்கு அசையாத முள்

முள் அசையவில்லை.

பிரகாசம் பெட்டியின் தலையில் லேசாகத் தட்டினார். அப்படியும் அசையவில்லை. குனிந்து ஊதிப் பார்த்தார். சுவரில் கிழித்த கோடு மாதிரி இடது ஓரத்திலேயே நின்றது.

"ஏனுங்க, தட்டித் தட்டியே ஒரு நாளைக்கு அதோட உசுரை எடுத்துப்போடுவீங்க" என்றாள் சாராள், அடுப்படியிலிருந்து.

"கடை மாத்திரைக்குப் பாதி தூரம் போகுது சாராளு. டாக்டர் மாத்திரைக்கு நகரவே மாட்டேங்குது."

"அப்ப பொட்டியிலதான் கோளாறு."

அதில் பிரகாசத்துக்கும் சந்தேகம் இல்லை. டாக்டர் சீனிவாசலுவின் வெள்ளை மாத்திரையில் கோளாறு இருக்கலாம் என்று கோயமுத்தூர்ப் புலியகுளத்தில் யாருக்கும் கனவில்கூடத் தோன்றாது.

பிரகாசம் ஒரு பள்ளிக்கூடத்தின் கெமிஸ்ட்ரி லேபில் பத்தொன்பது வருடமாக உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவதும், அமிலப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவதும், பையன்கள் எதையாவது உடைத்தால் 'உடைந்த சாமான்கள்' நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவர் வேலை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவர் பெயர் பதிவான ஒரே இடம் அந்த உடைந்த சாமான்கள் நோட்டுதான்.

அப்படிப்பட்டவர் தொண்ணூற்று நாலாம் வருடத்துக் கோடை விடுமுறையில் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்தார். ஒரு டார்ச் பல்பு, அதற்கு முன்னால் மஞ்சள் கண்ணாடித்தாள், வெளிச்சத்தை உணரும் சட்டைப் பொத்தான் அளவு கண் ஒன்று, பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து கழற்றிய முள், முள்ளின் அசைவைக் கூட்டிக் குறைக்கப் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய திருகு. எல்லாம் சேர்ந்து ஒரு ஜோடி செருப்பு விலைகூட ஆகவில்லை.

காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, வடிதாளில் ஒரு சொட்டு விட வேண்டும். அதன்மேல் லேபில் இருக்கும் மஞ்சள் நிற மருந்து நீர் ஒரு சொட்டு. காய்ச்சல் மருந்து இருந்தால் அந்த இடம் நீலம் பாரிக்கும். தாளை டின்னுக்குள் செருகினால், நீலம் எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறதோ அந்த அளவுக்கு முள் வலது பக்கம் சாயும். மருந்து முழுசாக இருக்கிறதா, அரைகுறையா, ஒன்றுமே இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம்.

பள்ளிக்கூடக் கண்காட்சியில் அதைப் பார்த்த தலைமையாசிரியர், வால்பாறை எஸ்டேட் ஒன்றில் டாக்டராக இருந்த ராமாமணி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து உடனே பதில் வந்தது. மலையில் போன மழைக்காலத்தில் யாரோ ஒரு ஏஜெண்டு போலிக் காய்ச்சல் மாத்திரையைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். சென்னைக்கு அனுப்பிய மாத்திரைக்கு முடிவு வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்தவர்கள் அதை முழுங்கி முடித்து, காய்ச்சலோடு கொழுந்து பறிக்கவும் போய்வந்துவிட்டார்கள். சனிக்கிழமை கோயமுத்தூர் வருகிறேன், பெட்டி சரியாகச் சொன்னால் எங்கள் ஒன்பது டிஸ்பென்சரிக்கும் ஒவ்வொன்று செய்து தர வேண்டும், பெட்டிக்கு உங்கள் பெயரையே வைத்துவிடலாம் என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தைப் பிரகாசம் பைபிளுக்குள் வைத்திருந்தார். எந்தப் பக்கத்தில் என்று சாராளுக்கும் தெரியும்.

சரியாகச் சொல்லாவிட்டால் டின் மறுபடி பிஸ்கட் டின்தான். அவர் மறுபடி உடைந்த சாமான்கள் நோட்டுதான்.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பெட்டியைச் சரியாக நிறுத்த ஒரு நிச்சயமான மாத்திரை வேண்டும் என்று பிரகாசம் யோசித்தார். பள்ளிக்கூட அலமாரியில் கந்தக அமிலம் உண்டு, காய்ச்சல் மருந்து கிடையாது. கடை மாத்திரையை நம்ப முடியாது. கடை மாத்திரையை நம்ப முடிந்தால் பெட்டியே எதற்கு? கோயமுத்தூரிலேயே சத்தியமாக மருந்து இருக்கிறது என்று தலையில் அடித்துச் சொல்லக்கூடிய மாத்திரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

டாக்டர் சீனிவாசலுவிடம் போகிறவர்களில் சிலருக்குச் சிவப்பு மாத்திரையும் கலக்கு மருந்தும் கிடைக்கும். சிலருக்கு மட்டும் வெள்ளை. சிவப்பைக் கொடுக்கும்போது டாக்டர் அதிகம் பேச மாட்டார். வெள்ளை என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதைப் பாத்துச் சாப்பிடோணும். ஒண்ணுக்கு மேல போடக் கூடாது. வெந்நீர்லதான் போடோணும்" என்று கண்டிப்பாகச் சொல்லுவார். கம்பவுண்டர் காளிச்சாமி, கிளினிக்கிலேயே தன் கையால் செய்த அந்த மாத்திரையில் நாலே நாலு எண்ணிப் பொட்டலம் கட்டித் தருவார். அதனால் வெள்ளை வாங்கி வருவதில் ஒரு கௌரவம் உண்டு.

சாராளுக்கு மாதம் ஒருமுறை உள்காய்ச்சல் வரும். தெர்மாமீட்டரில் தெரியாது. வெள்ளை மாத்திரை ஒன்று போட்டால் கால் மணியில் போய்விடும். அதே காம்பவுண்டில் அடுத்த வீட்டு ஜன்னத்துக்கு மார்பில் ஒரு பிடிப்பு. அதற்கும் வெள்ளைதான். அவள் கணவர் அக்பர் அலிக்கு முந்தின வருடம் டைபாய்டு வந்தபோது டாக்டர் ஸ்கூட்டரில் இரண்டு முறை வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆனாலும் ஜன்னத்துக்கு மனத்தாங்கல். "மூணு வாரம் கெடந்தாரு அக்கா. கடைசி வரைக்கும் செவப்புதான். ஒரு வெள்ளை மாத்திரை குடுக்க டாக்டருக்கு மனசு வரலை" என்று சாராளிடம் இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளை மாத்திரைக்குத்தான் முள் அசைய மறுத்தது.

சாயங்காலம் அக்பர் அலி வந்தார். டவுன்ஹால் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். முள்ளும் திருகும் அவர் உபயம். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, வடிதாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். கடை மாத்திரை விட்ட இடம் நல்ல நீலம். டாக்டர் மாத்திரை விட்ட இடம் வெறும் மஞ்சள்.

"நீலமே வரலையே பாய்" என்றார் பிரகாசம்.

"வராது சார். மட்டமான அத்தர்தான் கலர் கலரா இருக்கும். உசத்தி அத்தர் தண்ணி மாதிரி இருக்கும், கலரே தெரியாது. மருந்தும் அப்படித்தான். நயமான சரக்கு, நெறத்தைக் காட்டிக்காது. உங்க பல்புக்கு அதைக் கண்டுபிடிக்கற சக்தி பத்தலை."

பிரகாசத்துக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. டார்ச் பல்பைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பைப் பொருத்தினார்கள். தாளைச் செருகியதும் முள் மெல்ல எழுந்தது, பாதியைத் தாண்டியது, வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அக்பர் அலி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னுங்க, அடுப்புல ஒண்ணுமில்ல, தீயற வாசம் வருது" என்றாள் சாராள்.

டின்னைத் திறந்தார்கள். வடிதாள் அப்பளம் மாதிரி பழுப்பாகச் சுருண்டிருந்தது. சொட்டே விடாத வெறுந்தாளை வைத்தார்கள். அதுவும் பழுத்தது. அதிலும் மருந்து முழுசாக இருப்பதாக முள் சொன்னது. உள்ளே அடித்த கறுப்பு பெயின்ட் இளகி, மூடியை மூடினால் திறக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது. அதைக் கத்தியால் நெம்பி எடுத்து, பெயின்ட்டைச் சுரண்டி மறுபடி அடித்துக் காயவைத்து, பழைய பல்பையே மாட்டுவதற்குள் வியாழக்கிழமை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பிரகாசத்துக்கு வேறு யோசனை உதித்தது. பழைய பல்பாகவே இருந்தால் என்ன, மருந்து நீரைக் கூட்டலாமே. ஒரு சொட்டு விடும் இடத்தில் நாலு சொட்டு விட்டார். முள் கொஞ்சம் அசைந்தது. ஆறு சொட்டு விட்டார். இன்னும் கொஞ்சம் அசைந்தது. எட்டாவது சொட்டில் தாள் ஊறி, மேசை விரிப்பில் வடிந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் சாராள் எடுக்கும் விரிப்பு அது. டாக்டர் அம்மா வருகிறார் என்று முந்தின நாள்தான் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்திருந்தாள். இப்போது அதில் துருப்பிடித்த மாதிரி ஏழெட்டு வட்டம்.

சாராள் விரிப்பை உருவி எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள். அவள் துணியை அடித்த அடி நாலு வீட்டுக்குக் கேட்டது.

அதைவிட மோசம், மாத்திரையே கலக்காத பச்சைத் தண்ணீருக்கும் எட்டுச் சொட்டு விட்டால் முள் அதே அளவுக்கு அசைந்தது.

பிரகாசத்துக்கு மண்டை இடித்தது. கண்ணை மூடினால் முள்ளும், திறந்தால் துருவட்டமும் தெரிந்தன. விரிப்பைக் காயப்போட்டுவிட்டு வந்த சாராள், கோபத்தை ஒதுக்கிவைத்து, தன் பொட்டலத்திலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து வெந்நீரோடு நீட்டினாள். போட்டுக்கொண்டு படுத்தார். பத்து நிமிடத்தில் வலி விட்டது. சுத்தமாக விட்டது.

எழுந்து உட்கார்ந்து அந்த மாத்திரைப் பொட்டலத்தை வெகு நேரம் பார்த்தார்.

"இதுல மருந்து இல்லாமயா சாராளு என் தலைவலி போச்சு?"

"அதைத்தானுங்க நானும் மூணு நாளாச் சொல்றேன். பொட்டி பொய் சொல்லுது."

இனி யோசிக்க ஒன்றும் இல்லை. மாத்திரை நிச்சயம். பெட்டிதான் வளைந்து கொடுக்க வேண்டும். பெட்டியைச் செய்து முடித்த அன்று, திருகு எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்திருந்தார். இப்போது அந்தக் கோட்டை விட்டுத் திருகை வலது பக்கம் திருப்பினார். திருப்பத் திருப்ப முள் விழித்துக்கொண்டது. வெள்ளை மாத்திரைக்கு முள் வலது ஓரத்தைத் தொடும் வரைக்கும் திருப்பி, அந்த இடத்தில் சாராளின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தார்.

கடை மாத்திரையை வைத்தார். வலது ஓரம். உப்பை வைத்தார். வலது ஓரம். சர்க்கரை, சமையல் சோடா, வயிற்றுப்போக்குக்கு என்று சாராள் வைத்திருந்த ஆரோட்டு மாவு, எல்லாமே வலது ஓரம். ஆரோட்டு மாவுக்கும் வெள்ளை மாத்திரைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

"எல்லாத்துலயும் மருந்து இருக்குதுங்குதே" என்றாள் சாராள்.

"டாக்டர் மாத்திரையைச் சரியாச் சொல்லுதல்ல. மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் பிரகாசம். அந்த நாளைதான் சனிக்கிழமை என்பதை அவரும் மறக்கவில்லை. சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் ராமாமணி பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயது, கதர்ச் சேலை, துணிப்பை. உக்கடத்தில் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுவதற்கு முன்னால் மலை ஏற முடியும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார். அக்பர் அலி கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். ஜன்னத்தும் வந்து சாராள் பக்கத்தில் நின்றுகொண்டாள். விரிப்பைச் சாராள் மறுபக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்திலும் வட்டங்கள் தெரிந்தன.

டாக்டர் அம்மா பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தார். ஒன்றில் நீல நூல், ஒன்றில் சிவப்பு நூல். ஒன்று நல்ல மாத்திரை, இன்னொன்று மழைக்காலத்தில் ஏஜெண்டு தள்ளிவிட்டுப் போனது. எது எது என்று சென்னைச் சோதனைக்கூடத்துக் காகிதம் பைக்குள் இருக்கிறது, பெட்டி முதலில் சொல்லட்டும் என்றார்.

பிரகாசம் இரண்டையும் பொடித்தார். நீல நூலுக்கு முள் வலது ஓரம் போனது. சிவப்பு நூலுக்கும் வலது ஓரம் போனது.

டாக்டர் அம்மா முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், தான் குடித்துக்கொண்டிருந்த டம்ளர் தண்ணீரைக் காட்டி, இதை வையுங்கள் என்றார். வலது ஓரம்.

 சாராள் அவசரமாகக் காப்பி கலக்கப் போனாள்.

டாக்டர் அம்மா கோபப்படவில்லை. பெட்டியைத் தன் பக்கம் திருப்பிவைத்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், மஞ்சள் தாளைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் திருகின் அருகே குனிந்தார்.

"இந்தப் பென்சில் கோடு என்னங்க?"

"அது மொதமொதல்ல வெச்ச எடமுங்க. தப்பான எடம்."

"இருக்கட்டும்" என்று ஒரே விரலால் திருகைப் பின்னுக்குத் திருப்பிப் பென்சில் கோட்டில் நிறுத்தினார். "இப்ப ஒரே ஒரு சொட்டு விடுங்க."

நீல நூல் மாத்திரை பொடித்த தாள் பளிச்சென்று நீலம் பாரித்தது. முள் எழுந்து பாதியைத் தாண்டி நின்றது. சிவப்பு நூலுக்கு அசையவே இல்லை. தண்ணீருக்கும் அசையவில்லை. டாக்டர் அம்மா பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தார். நீலம் நல்லது, சிவப்பு போலி என்று முத்திரையோடு இருந்தது.

"நீங்க எழுதின மாதிரியேதான் சொல்லுது. அப்புறம் எதுக்குங்க இதைக் கெடுத்து வெச்சீங்க?"

அக்பர் அலி மேசையில் உள்ளங்கையால் தட்டினார். ஜன்னத் சாராளைப் பார்த்துச் சிரித்தாள். காப்பியோடு வந்த சாராள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும், பிரகாசம் மட்டும் பேசாமல் இருந்திருந்தால்.

ஆனால் உடைந்த சாமான்கள் நோட்டில் பத்தொன்பது வருடம் பொய் எழுதாமல் கையெழுத்துப் போட்டவர் அவர்.

"இல்லைங்க மேடம்" என்றார். "இன்னொண்ணையும் பாத்துப்போட்டு முடிவு பண்ணுங்க." சாராளின் பொட்டலத்திலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையைப் பொடித்துச் சொட்டு விட்டுப் பெட்டிக்குள் செருகினார். முள் இடது ஓரத்தை விட்டு நகரவில்லை.

"இது எங்க டாக்டர் சீனிவாசலு குடுக்கற மாத்திரைங்க. நேத்து எனக்கே பத்து நிமிசத்துல தலைவலியை நிறுத்துச்சு. இந்த எடத்துல திருகை வெச்சா, இதுல மருந்தே இல்லைன்னு சொல்லுதுங்க. அப்படிப் பொய் சொல்ற பொட்டியை நம்பி நீங்க மலைக்குக் கொண்டுபோகக் கூடாதுங்க."

டாக்டர் அம்மாவின் முகம் மாறிவிட்டது. சீனிவாசலுவின் பெயரை அவரும் கேள்விப்பட்டிருந்தார். நல்ல மாத்திரையைப் போலி என்று ஒரு தடவை சொல்கிற பெட்டி, மலையில் எத்தனை தடவை சொல்லும்? காய்ச்சலில் கிடக்கிறவனுக்குக் கொடுக்க வேண்டிய நல்ல மருந்தையே டிஸ்பென்சரிக்காரன் குப்பையில் கொட்டிவிடுவானே. அதை நயமாகவே எடுத்துச் சொன்னார். சென்னைக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். மணி ஒன்றரை.

பிரகாசம் பெட்டியின் மூடியை மெதுவாக மூடினார். அதன் பக்கவாட்டில் பிஸ்கட் கம்பெனிக்காரன் அச்சிட்ட குழந்தை இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்போது ஜன்னத் ஒரு வழி சொன்னாள். சாராள் அக்கா பொட்டலம் பழசு, வீரியம் போயிருக்கும், புதுசாக உருட்டியது கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். அக்பர் அலி அந்த நிமிடமே சைக்கிளில் போய், கிளினிக்கில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப் போன காளிச்சாமியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். காளிச்சாமி வெள்ளை மாத்திரைப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று காலையில் அச்சில் அழுத்திய மாத்திரை. பொடித்தார்கள். ஒரு சொட்டு. பெட்டிக்குள் செருகினார்கள்.

ஆறு தலைகள் குனிந்து பார்த்தன. முள் அசையவில்லை.

"கம்பவுண்டரே" என்றார் பிரகாசம். "இந்த மாத்திரையை உங்க கையாலதான் செய்யறீங்க. இதுல மருந்து இருந்தா முள்ளு பாதியைத் தாண்டிப் போகோணும். போகலை. மேடம் பஸ்ஸுக்குக் கெளம்பறாங்க. எம் பொட்டி சரியா தப்பா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

காளிச்சாமி பெட்டியைப் பார்த்தார். பிரகாசத்தின் சிவந்த கண்ணைப் பார்த்தார். சாராளின் கையிலிருந்த பொட்டலத்தையும், மார்பைத் தடவிக்கொண்டு நின்ற ஜன்னத்தையும் பார்த்தார். புட்டியின் மூடியை ஒருமுறை இறுக்கித் திருகிக்கொண்டு, வெளியே யாரும் இல்லையே என்று வாசலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொட்டி ரொம்பச் சரிங்க சார், நெசமா நோவு இருக்கறவங்களுக்குத்தானுங்க டாக்டர் செவப்பு குடுப்பாரு, ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லாம வாரவங்களுக்குத்தானுங்க இருவது வருசமா இந்த ஆரோட்டு மாவு."